வாதாங்கொட்டை: பொறுக்குவதும் ஒதுக்குவதும் உடைப்பதும்

மதுரையில் பழைய பள்ளிக்கூடமோ ரயில்வே குடியிருப்போ, கொஞ்சம் வயசான காம்பவுண்டு எதுவாக இருந்தாலும் உள்ளே ஒரு வாதா மரம் நிற்க வாய்ப்பு அதிகம். அடியில் கொட்டை உதிர்ந்து கிடக்கும். காலையில் கூட்டுகிறவர்கள் சருகோடு சேர்த்து அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைப் பச்சையாகவே தின்னலாம். கசப்பு கிடையாது, எண்ணெய்ப் பசையும் லேசான இனிப்பும் உண்டு. கீழமாசி வீதியில் கிலோக்கணக்கில் நிறுத்துத் தரும் பாதாமுக்கும் இதற்கும் தாவர உறவு எதுவும் இல்லை. அது பீச், ஆப்ரிகாட் வகையறா. இது மருது, கடுக்காய், தான்றி குடும்பம். இந்தக் குடும்ப விவரம் பின்னால் ஒரு இடத்தில் முக்கியமாகும்.

முதலில் மரத்தைப் பாருங்கள், கொட்டையை அப்புறம் பார்க்கலாம். தண்டு நேராக ஏறும். கிளைகள் ஒரே மட்டத்தில் நாலா பக்கமும் படுக்கையாக நீளும். கொஞ்சம் இடம் விட்டு மேலே அடுத்த தட்டு, அதற்கு மேலே இன்னொன்று. இளமரத்தில் இந்தத் தட்டுகள் பளிச்சென்று தெரியும், கிழமரத்தில் கலைந்து குடையாகிவிடும். இலவ மரத்துக்கும் இப்படித் தட்டுக் கிளை உண்டு. ஆனால் அதன் இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கும், வாதா இலை ஒற்றை இலை. ஒரு சாண் நீளம், நுனிப் பக்கம் அகலம், காம்புப் பக்கம் குறுகல், கிளை முனையில் கொத்தாக நெருங்கி நிற்கும். உதிர்வதற்கு முன் இலை சிவக்கும். பச்சை மரத்தில் அங்கங்கே நாலு ரத்தச் சிவப்பு இலை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். புது வீட்டுமனைகளில் அழகுக்கு வைக்கிற, விரல் நுனி அளவே இலை உள்ள தட்டு மரம் இதன் மடகாஸ்கர் ஒன்றுவிட்ட தம்பி. நிழலுக்கு நல்லது. காய் மிகச் சிறியது, பருப்புக்காக அதன் அடியில் குனிவது வீண்.

காய் ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் நீளம். படகு மாதிரி நடுவில் புடைத்து, இரண்டு ஓரத்திலும் மேடாக ஒரு விளிம்பு ஓடும். விரலால் தடவினால் அந்த விளிம்பு தட்டுப்படும். காய் பச்சை; பழுத்தால் சில மரத்தில் மஞ்சள், சில மரத்தில் கருஞ்சிவப்பு. சதை மெல்லியது, புளிப்பும் துவர்ப்பும் கலந்தது. கடித்துச் சப்பலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதன் துவர் துணியில் பட்டால் போகாத கறை.

யாராவது கையில் கொடுக்கும் உதிரிக் கொட்டையை, அது எந்த மரத்தடியில் கிடந்தது என்று தெரியாமல் வாயில் போடக் கூடாது. குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய முதல் பாடம் இதுதான். காரணம் வேலி ஓரத்தில் நிற்கும் காட்டாமணக்கு. அதன் காய் உருண்டை, மூன்று அறை, பழுத்தால் மஞ்சளாகிக் காய்ந்து கருகும். உள்ளே கறுத்த, நீள்வட்டமான விதை மூன்று. அதன் பருப்பு ருசியாகவே இருக்கும். ஆபத்தே அந்த ருசியில்தான் இருக்கிறது. கசந்தால் பிள்ளைகள் துப்பிவிடும். இது கடலைப் பருப்பு மாதிரி இருப்பதால் ஒன்றுக்கு நாலாகத் தின்றுவிடும். சில மணி நேரத்துக்குள் தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, வாந்தி, பேதி. அதிலுள்ள நச்சு எண்ணெயோடு கலந்தது, வறுத்தாலும் போகாது. செடியை அடையாளம் காண்பது எளிது: இலைக்காம்பை ஒடித்தால் வழவழப்பான நீர் வடியும், அதை ஈர்க்கு வளையத்தில் தொட்டு ஊதினால் குமிழி பறக்கும். ஊதி விளையாடுகிற பிள்ளைகள் பக்கத்திலேயே விதையையும் பார்க்கும், அதனால் விளையாட்டோடு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

அதைவிடக் கொடியது மஞ்சள் அரளி. கோயில் நந்தவனத்திலும் வீட்டு வாசலிலும் பூவுக்காக வளர்ப்பது. காய் முக்கோணச் சாயலில் இருக்கும், பழுத்தால் கறுக்கும், உள்ளே கெட்டியான கொட்டை. இதன் நஞ்சு நேரே இதயத் துடிப்பைப் பிடிக்கும். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், வாதா இலையில் பால் வராது. பால் வந்தால் அந்த மரத்தடியில் வேலையில்லை என்று நடையைக் கட்டலாம். தெரியாமல் யாராவது தின்றுவிட்டால் மோர், புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் வைத்தியம் எதுவும் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தின்றதில் மிச்சமிருக்கும் கொட்டையையோ தோலையோ ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இனி அந்தக் குடும்ப விவரம். அழகர்கோவில் மலைப்பக்கம் தான்றி உண்டு. அதன் காய் நெல்லிக்காய் அளவு, சாம்பல் நிறத்தில் வெல்வெட் பூசியது போல இருக்கும். உடைத்தால் உள்ளே வாதாம்பருப்பு மாதிரியே ஒன்று கிடைக்கும். அதைத் தின்னாதீர்கள். அதிகமானால் மயக்கம் தரும் என்பது வைத்தியர்களுக்குப் பழைய சங்கதி. திரிபலாவில் சேர்ப்பது அதன் சதையை, பருப்பை அல்ல. கடுக்காய்க்கு உடம்பில் ஐந்து வரி மேடு ஓடும், அதையும் மருந்துக் கடைக்கே விட்டுவிடலாம். தவிர, அழகர்மலை காப்புக்காடு. அனுமதி இல்லாமல் அங்கே எதையும் பொறுக்கி எடுத்து வருவது வனச் சட்டப்படி குற்றம். ஊருக்குள் நிற்கும் வாதா மரமே நமக்குப் போதும்.

பருப்பைக் கையில் எடுத்த பிறகும் ஒரு கடைசிச் சோதனை உண்டு. வாதாம்பருப்பு மெலிந்து நீண்டது, இரண்டு முனையும் கூர், மேலே பழுப்பு நிற மெல்லிய தோல். குறுக்கே நறுக்கி வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுருட்டி வைத்த பாயின் ஓரம் மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். இரண்டு பருப்பிலைகளும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு கிடப்பதால் அப்படி. சுருளை மெல்ல விரித்தால் வெள்ளை இதழாகப் பிரிந்து வரும். காட்டாமணக்கிலும் ஆமணக்கிலும் இது இருக்காது. அவற்றில் வெள்ளை வெண்ணெய்ப் பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுவே காகிதம் போலத் தட்டையான இரண்டு குட்டி இலை மட்டும் தெரியும். ஆனால் ஒன்று, இந்தச் சுருள் தான்றியையும் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். அதுவும் இதே குடும்பம் என்பதால் அதிலும் சுருள் இருக்கும். தான்றியைக் காயின் வடிவத்தை வைத்துத்தான் ஒதுக்க வேண்டும்.

பெரும்பாலும் சித்திரை வைகாசியில் ஒரு காய்ப்பு, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. மரத்துக்கு மரம் கொஞ்சம் முன்பின் ஆகும். இரண்டில் கோடைக் காய்ப்புதான் நல்லது. ஐப்பசி மழையில் நனைந்த கொட்டை நாரிலேயே ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், காய்வதற்குள் உள்ளே பூஞ்சை ஏறிவிடும்.

மரத்தில் கல்லெறிந்து பச்சைக் காய் உதிர்ப்பதில் பயனில்லை. உள்ளே பருப்பு முற்றாமல் தண்ணீராகவோ கூழாகவோ இருக்கும். தானாக விழுந்ததே கணக்கு. நேற்றோ இன்றோ விழுந்த பழத்தைவிட, சதை வற்றி நார் பழுப்பாகத் தெரியும் கொட்டையைப் பொறுக்குவது உத்தமம். வௌவால் சதையைத் தின்று போட்ட கொட்டையும் மரத்தடியில் நிறையக் கிடக்கும். பல் பட்ட சதையை வாயில் வைக்கக் கூடாது. கொட்டையை நன்றாகக் கழுவிக் காயவைத்து உடைத்தால் உள்ளே பருப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாக்கடை ஓரம், மெக்கானிக் ஷெட் வாசல், மருந்தடிக்கிற தோட்டம், இந்த மூன்று இடத்துக் கொட்டையும் வேண்டாம். ஓட்டில் சிறு துளை இருந்தால் வண்டு உங்களுக்கு முன்னால் வந்து போயிருக்கிறது.

நல்ல கொட்டையைப் பிரிக்கத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளும் வழக்கம் உண்டே, அது இங்கே செல்லாது. இது கடற்கரை மரம். அலையில் மிதந்து வேறு கரையில் முளைப்பதற்காகவே ஓட்டைச் சுற்றித் தக்கை போல நார் வைத்திருக்கிறது. பருப்பு நிறைந்ததும் மிதக்கும், பொக்கும் மிதக்கும். உடைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பொறுக்கியதைச் சதை ஒட்டியிருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு மொட்டைமாடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மதுரை வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள். குவித்து வைத்தால் அடியில் உள்ளது புழுங்கும். ஈரக் கொட்டையை அவசரப்பட்டு உடைத்தால் என்ன ஆகும் என்றால், நார் வழுக்கும், சுத்தியல் எகிறும், ஓடு பிளக்காமல் நசுங்கும், பருப்பு அதோடு சேர்ந்து கூழாகும். நன்றாகக் காய்ந்தால் ஓடு விறைக்கும், பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகிக்கொள்ளும்.

உடைக்கும்போது பத்தில் எட்டுப் பேர் கொட்டையைத் தட்டையாகப் படுக்கவைத்து ஓங்கிப் போடுவார்கள். பருப்பு துண்டு துண்டாகத்தான் வரும். கொட்டையை விளிம்பில் நிறுத்துங்கள், ஒரு ஓரம் கல்லில், மறு ஓரம் வானத்தைப் பார்த்து. நிற்பதற்கு அம்மிக்கல்லில் சின்னக் குழி இருந்தால் வசதி, இல்லையென்றால் செங்கல்லில் ஒரு பள்ளம் கொத்திக்கொள்ளலாம். மேல் விளிம்பில் சுத்தியலால் நிதானமாக இரண்டு மூன்று தட்டு. விளிம்போடு பிளந்து இரண்டு பாதியாகும், நடுவில் பருப்பு முழுசாகக் கிடக்கும். விரலுக்குப் பதில் இடுக்கியால் பிடியுங்கள். அரிவாளால் பிளக்கிறவர்களும் உண்டு. வேகமான வேலைதான், ஆனால் கை பழகாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வந்த பருப்பில் கறுத்தது, பச்சையோ சாம்பலோ பூத்தது, சிக்கு வாடை அடிப்பது எல்லாம் குப்பைக்கு. பூஞ்சை ஏறிய பருப்பைத் துடைத்து வறுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணமே வேண்டாம், பூஞ்சையின் நஞ்சு வறுப்பதில் முழுசாகப் போகாது. கசந்தால் துப்பிவிடுங்கள். முந்திரி, பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தவிர்ப்பது நல்லது.

ஒரு பருப்பு பெரும்பாலும் அரை கிராம் சுமாரில்தான் இருக்கும். நூறு கொட்டை உடைத்தால் ஒரு கைப்பிடி, அதில் சொத்தை போக இன்னும் குறையும். வியாபாரத்துக்கு ஆகாது, ஒரு வேளைச் சட்னிக்கு ஆகும். பச்சையாகத் தின்பதே முதல் ருசி. வறுப்பதானால் இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல், சிறு தீயில் நாலைந்து நிமிடம். பருப்பு மெலிசு என்பதால் ஒரு நிமிடம் அசந்தாலும் தோல் கருகிக் கசக்கும். வாசனை வந்ததுமே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும், சூட்டுச் சட்டியில் விட்டால் அதுவே தீய்த்துவிடும். ஊறவைத்து அரைத்துப் பருத்திப்பாலில் கடைசிக் கொதியில் சேர்த்தால் நல்ல கெட்டி கிடைக்கும்.

உடைத்த பருப்பில் எண்ணெய் அதிகம், வெளியில் வைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். தேவைக்கு மட்டும் உடைத்து, மிஞ்சியதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். உடைக்காத காய்ந்த கொட்டை மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் சாக்கில் கட்டித் தரையில் போட்டால் எலி நாரைக் கடித்து இறங்கிப் பருப்பைக் காலி செய்துவிடும். மூடி இறுகிய தகர டின்னில் போட்டு, ஈரம் படாத பரணில் ஏற்றிவையுங்கள்.