பெட்டி முகப்பில், நான் அடுப்படியில்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்குக் காவல், கூட்டல், பெருக்கல் எல்லாம் நான்தான். வீட்டுக்கார ஆச்சி சென்னையில். வீடோ இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.

போன ஆடியில் அடுப்படி ஜன்னல் கண்ணாடி உடைந்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. முதலுதவிப் பெட்டி தெருவாசல் பக்கம், முகப்பு அலமாரியில். போன் அதன் பக்கத்தில் சார்ஜில். கத்தினேன், வளவில், அதான் நடு முற்றத்தில், புறாக்கள்தான் பறந்தன. தோள் துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தி, கையை உயர்த்திக்கொண்டே வீட்டின் பகுதிகளைக் கட்டு கட்டாகக் கடந்து முகப்புக்கு வந்தேன். பெட்டியைத் திறந்தால் நாலு பிளாஸ்டர், காலாவதியான களிம்பு. அப்புறம் ஐந்து தையல்.

"பெட்டி என்னோட வரணும் ஆச்சி" என்றேன். இப்போது இடுப்புப் பையில் பஞ்சு, ஒரு கையாலேயே சுற்றக்கூடிய கட்டுத்துணி, விசில், போன். பின்கட்டில் பாம்பு நடமாட்டம் உண்டு. கடித்தால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது. காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். இதைத் தையல் போட்ட நர்ஸம்மா சொன்னார்.

தினமும் 11 மணிக்கும் 4 மணிக்கும் ஆச்சி கூப்பிடுவார். எடுக்காவிட்டால் டீக்கடை அண்ணன் மாற்றுச் சாவியோடு வருவார். நேற்று அசந்து தூங்கிவிட்டேன். வந்தார், திட்டிக்கொண்டே, கையில் டீயோடு.