இறக்கை விரிந்தால்தான் அந்தப் பச்சை

நேற்று ராத்திரிதான் வால்பாறையிலிருந்து வந்தேன். துணி இன்னும் காயவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போனது ஓர் ஊசித்தட்டானைப் பார்க்க. அறிவியல் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ். உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். பெயரில் சீனா இருந்தாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளும் அதன் சொந்த வீடுதான்.

பொள்ளாச்சியில் ஏறிய பஸ்ஸில் கடைசி சீட்டு. ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாரல் என் தோளில்தான் இறங்கியது. பக்கத்திலிருந்த பெரியம்மா எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்துட்டே வா கண்ணு" என்றார். அந்தப் பழம்தான் காப்பாற்றியது.

வயிற்றெரிச்சல் ஜீப்பில். ஏறும்போது 500 என்றவர், இறங்கும்போது "காலியா திரும்பணுமே சார்" என்று 900 வாங்கிவிட்டார். மொத்தக் கையிருப்பே 2,000 ரூபாய்! திரும்பி வரும் வாடகையையும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள்.

வால்பாறைப் பக்கத்துக் கூழாங்கல் ஆற்றில் ஒரு தட்டானையும் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஷாம்பு போட்டுக் குளிக்கிறார்கள். தட்டானின் குஞ்சுகள் வளர்வது அந்தத் தண்ணீருக்குள்தான். கோபமாக வந்தது. எஸ்டேட் பக்கத்து டீக்கடையில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும், 40 ரூபாய்க்கு. அதைச் சாப்பிட்ட பிறகுதான் மனசு ஆறியது.

கடைக்காரர் காட்டிய ஓடைக்கு நடந்தேன். அட்டைக்கடி நிச்சயம், உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு மரங்களுக்கு நடுவே வெயில் இறங்கியதும், பாறைமேல் பழுப்பாக ஒட்டியிருந்த குச்சி இறக்கையை விரித்தது. அப்பா, என்ன பச்சை! முன் இறக்கை வெறும் கண்ணாடி, பின் இறக்கையின் மேற்புறத்தில், கருத்த நுனி தவிர, மயில் கழுத்து மினுக்கம். அது சாயம் இல்லை. இறக்கைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய படலங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. மூடினால் மறுபடியும் பழுப்பு. போட்டோக்களில் பெரும்பாலும் மூடிய இறக்கைதான் இருக்கும், அதை நம்பி இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் பெண் வந்தது. தேன் நிற இறக்கையில் வெள்ளைப் பொட்டுகள். உடனே ஆண், பின் இறக்கைகளை அசைக்காமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, முன் இறக்கைகளை மட்டும் அடித்து அதன் முன்னால் பறந்தது. இரண்டு இறக்கையில் பறக்கிறது, மற்ற இரண்டைக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கிறது! நான் மூச்சுவிடக்கூட மறந்து நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. முட்டையிடத்தான். தலையும் முழுகிவிட்டது. மேலே ஆண் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு மணி பஸ்ஸை விட்டால் மறுபடியும் ஜீப்புக்குத்தான் அழ வேண்டும், அதனால் அது வெளியே வருவதைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன்.