ஒரே டப்பா பெயிண்ட், நான்கு வெள்ளி நிறம்

பழைய இரும்பு பீரோவின் கதவு ஒன்று வீட்டின் பின்புறம் பல காலமாகச் சாய்ந்து கிடந்தது. அதைத் தாள் அளவுத் தகடுகளாக வெட்டி, உப்புத்தாள் போட்டு, சாம்பல் நிற பிரைமர் அடித்து அடுக்கிவைத்தேன். மேலே அடிக்க எடுத்துக்கொண்டது மெட்டாலிக் வெள்ளி. புதிதாக வாங்கும் காரிலேயே இந்த நிறம் சில இடங்களில் மேகம் கட்டியதுபோல் திட்டுத் திட்டாகத் தெரிவது ஏன்? பம்பர் ஒரு சாயலிலும் அதை ஒட்டிய ஃபெண்டர் இன்னொரு சாயலிலும் இருப்பது ஏன்? என் மைத்துனர் வாங்கிய காரில் இரண்டும் இருந்தன. "மெட்டாலிக் என்றால் அப்படித்தான் சார்" என்று விற்ற ஷோரூமில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலில் எவ்வளவு உண்மை என்பதை அடித்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

காரின் நிறக் குறியீட்டைக் கடையில் கொடுத்து அதே நிறத்தைக் கலக்கி வாங்கினேன். டப்பாவைத் திறந்தால் அடியில் சாம்பல் சேறு மாதிரி ஒரு படிவு. நிறமே அதுதான், அதன் பெரும்பகுதி அலுமினியச் செதில்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 30 மைக்ரான் அகலம் இருக்கும்; தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நன்றாகக் கலக்காமல் மேலே இருப்பதை மட்டும் ஊற்றி அடித்தால் வேறு நிறமே வந்துவிடும். கலக்கிய பிறகும் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியின் கோப்பையில் அது மெல்லப் படிந்துகொண்டே இருக்கும் என்பதால் இடையிடையே ஆட்டிக்கொடுக்க வேண்டும்.

நிறம் தரும் இந்தப் பூச்சுக்கு பேஸ் கோட் என்று பெயர். காய்ந்தபின் அதன் தடிமன் சுமார் 15 மைக்ரான்தான். அதற்குள் செதில்கள் எல்லாம் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துவிட்டால், நேராகப் பார்க்கும்போது பளீரென்று வெளுப்பாகவும், பக்கவாட்டில் பார்க்கும்போது கருத்தும் தெரியும். கோணல் மாணலாக நின்றுவிட்டால் நேர்ப்பார்வைக்கு மங்கும், பக்கப் பார்வைக்கு வெளுக்கும். மயில்கழுத்துப் பட்டுச்சேலையை மடித்தும் விரித்தும் பார்ப்பது போன்ற விஷயம். ஆகவே டப்பாவில் இருக்கும் நிறம் பாதிதான், மீதிப் பாதியைக் கை செய்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, தகட்டில் பார்ப்பது வேறு.

முதல் தகடுகளில் தூரத்தை மட்டும் மாற்றினேன். 1.3 மில்லிமீட்டர் நாசில், குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை ஊதும் எச்.வி.எல்.பி. வகைத் துப்பாக்கி. 15 சென்டிமீட்டரில் பிடித்து ஈரமாக அடித்த தகடு இருண்ட சாம்பலாக வந்தது. ஈரம் அதிக நேரம் நிற்பதால் செதில்களுக்கு மிதந்து திரும்ப அவகாசம் கிடைத்துவிடுகிறது. 25 சென்டிமீட்டரில் அடித்தது வெளுப்பாகவும் கொஞ்சம் சொரசொரப்பாகவும் வந்தது. பாதி ஈரம் காற்றிலேயே போய், செதில்கள் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. பிறகு தின்னரை மாற்றிப் பார்த்தேன். சீக்கிரம் காயும் தின்னருக்கும் மெதுவாகக் காயும் தின்னருக்கும் இடையே, அதே தூரத்தில், ஏறக்குறைய அதே அளவு வேறுபாடு. நான்கு தகடுகளையும் வரிசையாகச் சுவரில் சாய்த்துவைத்தபோது வீட்டில் ஒருவர்கூட அவை ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்று நம்பவில்லை.

திட்டுகள் தனிக் கதை. தகட்டுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்தால் மினுமினுப்புதான் தெரிகிறது, திட்டு தெரிவதில்லை. எட்டு பத்து அடி தள்ளிப் போனால்தான் மேகம் கட்டியிருப்பது புலப்படுகிறது. அதனால்தான் ஷோரூமில் காரைச் சுற்றிச் சுற்றிக் கிட்டத்தில் நின்று பார்ப்பவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. வெள்ளி, வெளிர் சாம்பல், வெளிர் பொன் நிறங்களில் இது அதிகம் தெரியும். கரும் நிறங்களில் குறைவு. செதில் கலக்காத சாதாரண வெள்ளையில் இந்தத் தொல்லையே கிடையாது.

என் தகடுகளில் திட்டு வந்த வழிகள் பல. துப்பாக்கியின் அடுத்தடுத்த ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்குப் பாதி மட்டும் மேவினால் வரிக்குதிரைக் கோடு. முக்கால் பங்கு மேவினால் கோடு அடங்குகிறது. முதல் கோட் பளபளப்பு இழந்து மங்கலாவதற்குள் இரண்டாவதை ஏற்றினால் செதில்கள் நீந்தி ஒதுங்கிவிடுகின்றன. சிறிய கம்ப்ரெசர் என்பதால் நீண்ட ஓட்டத்தின் கடைசியில் அழுத்தம் இறங்குகிறது, துளி பெரிதாகிறது, அந்த முனை மட்டும் கருக்கிறது. கம்ப்ரெசருக்குப் பேர்போன கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இவ்வளவு சின்னதை வைத்து மல்லுக்கட்டுவது கொஞ்சம் கேவலம்தான்.

இவற்றுக்கெல்லாம் ஒரு பரிகாரம் இருக்கிறது. பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணனிடம் தகடுகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை வாங்கி, அழுத்தத்தைக் குறைத்து, ஓரடித் தூரத்தில் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஒரு மெல்லிய தூவல் போட்டார். "கடைசிக் கோட் அடிக்கக் கூடாது தம்பி, தூவ வேண்டும்" என்றார். வரிக்குதிரைத் தகட்டின் கோடுகள் கண்ணெதிரே கரைந்துபோயின. அத்தனை சோதனையிலும் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

நிறத்தின் மேல் ஏறும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டை நான் வீட்டில் அடிக்கவில்லை. இரண்டு பாகமாகக் கலக்கும் கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைக் கெடுப்பது, துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்கும் விஷயமல்ல. வெளிக்காற்று ஊட்டும் முகமூடியோடு பெயிண்ட் அடிக்கும் அறைக்குள் அண்ணன் அடித்துக் கொடுத்தார். அங்கேயும் ஒன்று தெரிந்தது. முதல் கிளியரைக் கனமாக ஊற்றினால் அதிலுள்ள தின்னர் கீழே இறங்கி பேஸ் கோட்டை இளக்கிவிடுகிறது; அதுவரை ஒழுங்காகப் படுத்திருந்த செதில்கள் மறுபடி எழுகின்றன. திட்டில்லாத தகடு கிளியருக்குப் பின் திட்டோடு வந்தது.

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம். அங்கே காரின் உடலுக்கு அடிப்பது பெரும்பாலும் ரோபோவின் கையிலிருக்கும் சுழலும் கிண்ணம். நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுற்றி, மின்னேற்றம் கொடுத்துத் துளிகளை உடலை நோக்கி இழுக்கும். உடல் சுமார் 140 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வேகிறது. பம்பரோ பாலிப்ரொப்பிலீன்; அந்தச் சூட்டில் உருக்குலைந்துவிடும். அதனால் அதைத் தனியாக, பல நேரங்களில் வேறொரு நிறுவனத்தின் கூடத்தில், வேறு கிளியரோடு அடித்து, 80 டிகிரி அளவில் காயவைத்து, கடைசியில் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். இயந்திரம், சூடு, தொங்கவிடும் கோணம் எல்லாம் வேறாக இருக்கும்போது செதில்கள் ஒரே மாதிரிப் படுத்தால்தான் ஆச்சரியம். பம்பரைப் பொறுத்தவரை "அப்படித்தான்" என்பது நியாயமான பதில் என்றே நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கோணத்தில் ஒத்துப்போய் இன்னொரு கோணத்தில் லேசாக விலகினால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

கதவு அப்படியல்ல. கதவும் கூரையும் ஒரே உடலாக ஒரே அடுப்பில் வெந்தவை. மைத்துனர் காரின் பின் கதவில் மட்டும் மேகம் கட்ட என்ன காரணம்? பழைய கார் வாங்கி விற்கும் நண்பரிடமிருந்து பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியை இரவல் வாங்கிப் பார்த்தோம். கூரை, பானெட், முன் கதவுகள் எல்லாம் 105 முதல் 125 மைக்ரான். தொழிற்சாலைப் பூச்சுக்கு வழக்கமான அளவுதான். அந்தப் பின் கதவு மட்டும் 230க்குக் குறையவில்லை. எங்கோ உரசி, விற்பதற்கு முன்பே யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள். விற்றவர்களிடம் எண்களை எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் குரல் மாறியது. மீண்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அங்கேதான் மைத்துனரை நிறுத்தினேன். "மாப்பிள்ளை, கதவை மட்டும் அடித்தால் ஓரத்தில் கோடு போட்டமாதிரி தெரியும். முதலில் ஒரு அட்டையில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெயிலில் கதவோடு ஒட்டிவைத்து மூன்று கோணத்தில் பாருங்கள். நிறத்தைப் பக்கத்துப் பாகங்களுக்குள் கொஞ்சம் கரைத்துக் கொண்டுபோய், கிளியரை முழுப் பாகத்துக்கும் ஏற்றச் சொல்லுங்கள்" என்றேன். அட்டை கேட்டதும் அவர்களுடைய பெயிண்டரே மகிழ்ந்துவிட்டாராம். ஷோரூம்காரர்தான் நேரமாகும் என்று முனகியிருக்கிறார்.

ஒரு சோதனை மிச்சமிருந்தது. பட்டறையில் கிடந்த உடைந்த பம்பர் துண்டு ஒன்றை வாங்கிவந்து, பிளாஸ்டிக்குக்கான பிடிப்பு பிரைமரும் அதன்மேல் அதே சாம்பல் பிரைமரும் அடித்து, இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அடித்தேன். காய்ந்தபின் வேறுபாடு என் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த துண்டைத் தரையில் படுக்கவைத்துக் கொஞ்சம் ஈரமாக அடித்தேன். நேர்ப்பார்வையில் உடனே ஒரு சாயல் இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் என்பதாலேயே நிறம் மாறிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை இனி நான் நம்பப்போவதில்லை. என் கையில் மாறியது அடித்த விதத்தால்தான்.

அடுத்து தண்ணீர் அடிப்படையிலான பேஸ் கோட்டில் இதையெல்லாம் மறுபடி செய்ய ஆசை. அது காற்றோட்டத்தில் காய்வது, ஈரப்பதம் ஏறினால் தாமதிக்கும். மழைக்காலத்தில் அடித்தால் செதில்கள் எப்படிப் படுக்கும் என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் கால் லிட்டர் கலக்கித் தரமாட்டேன், ஒரு லிட்டராக எடுத்துக்கொள் என்கிறார். பேரம் நடந்துகொண்டிருக்கிறது.