கரன்ட் போனால் மறந்துபோகும் டைமர்: ஈஎஸ்பி32-க்கு மாற்றிய கதை

செடிகளுக்குத் தண்ணீர் விடும் டைமரை ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப் உள்ள போர்டிலிருந்து, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வைஃபை வேண்டும், அதுதான் காரணம். பம்ப், பட்டன், திரை எல்லாம் சீக்கிரமே சரியாகிவிட்டன. இழுத்தடித்தது ஒன்றுதான்: கரன்ட் போய் வந்தால் செட்டிங் காணாமல் போகிறது.

பழைய சிப்பில் 1,024 பைட் ஈஈப்ராம், அதாவது கரன்ட் போனாலும் அழியாத நினைவகம், தனியாகவே உண்டு. எழுதியது எழுதியபடி இருக்கும். ஈஎஸ்பி32-இல் அது கிடையாது. ஈஈப்ராம் லைப்ரரி, புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டு அதுபோல நடிக்கிறது, அவ்வளவுதான். முதலில் 'பிகின்' கூப்பிட்டு அளவைச் சொல்ல வேண்டும். அப்புறமும் எழுதுவது, கரன்ட் போனால் அழியும் ராமில்தான் இருக்கும். 'கமிட்' கூப்பிட்டால்தான் ஃபிளாஷுக்குப் போகும். இந்த இரண்டும் இல்லாத பழைய கோடு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆகிறது, அதுதான் கொடுமை.

இரண்டு வரி சேர்த்ததும் செட்டிங் அழியாமல் நிலைத்தது. ஆனால் முழு எண்ணுக்கான 'இன்ட்' அங்கே 2 பைட், இங்கே 4 பைட். அதனால் ஒவ்வொரு மதிப்பும் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரிகளை எல்லாம் திரும்பக் கணக்குப் போடப் பொறுமையில்லை. பெயர் வைத்துச் சேமிக்கும் பிரிஃபரன்சஸ் லைப்ரரிக்குப் போனேன்.

அங்கே வேறு கூத்து. பம்ப் ஓடும் நேரம் நினைவில் இருக்கிறது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்ற இடைவெளி மட்டும் இல்லை. இரண்டையும் சேமிப்பது ஒரே ஃபங்ஷன், அடுத்தடுத்த வரிகள். ஒன்று நிலைக்கிறது என்றால் ஃபிளாஷ் நன்றாகத்தான் இருக்கிறது. பவர் சப்ளையையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. சேமிக்கும் கட்டளையான 'புட்இன்ட்' திருப்பித் தரும் எண்ணைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரில் அச்சிட்டுப் பார்த்தேன். எழுதிவிட்டால் 4 வர வேண்டும். முதலாவதுக்கு 4, இரண்டாவதுக்கு 0.

குற்றவாளி பெயர்தான். 'வாட்டரிங்இன்டர்வல்' ஆங்கிலத்தில் 16 எழுத்து. பெயருக்கு இருக்கும் வரம்பு 15. சேமிப்பு நடக்கவே இல்லை. படிக்கும்போது அந்தப் பெயர் இல்லாததால் நாம் கொடுத்த ஆரம்ப மதிப்பையே சமர்த்தாகத் திருப்பித் தருகிறது. பிழைச் செய்திகளை எவ்வளவு காட்டுவது என்ற டீபக் லெவலை ஏற்றி வைத்தால் பிழைச் செய்தி வரும். சும்மா விட்டால் வராது. பெயரை 'இன்டர்வல்' என்று சுருக்கினேன், தீர்ந்தது.

கரன்ட் போனாலும் செட்டிங் நிலைக்கிறது, புதுக் கோடு ஏற்றினால் மட்டும் அழிகிறது என்றால் அது வேறு விஷயம். கோடு எழுதி ஏற்றும் ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில், ஏற்றுவதற்கு முன் முழு ஃபிளாஷையும் அழிக்கச் சொல்லும் தேர்வு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிப்பிலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு: சிப்பில் நேரடியாக எழுதும் ஐஎஸ்பி புரோகிராமர் கருவி வழியாக ஏற்றினால் ஈஈப்ராமும் சேர்ந்து அழியும், சிப்பின் அமைப்பில் 'ஈஈசேவ்' ஃபியூஸ் என்ற தேர்வைப் போட்டிருந்தால் தப்பிக்கும்.

இப்போது கடைசியாகத் தண்ணீர் விட்ட நேரத்தையும் சேமிக்கிறேன். பம்ப் நின்ற பிறகு ஒரே ஒரு முறை, நொடிக்கொரு முறை அல்ல. பழைய சிப்பில் ஒரே இடத்தில் நொடிதோறும் எழுதினால் அதன் 1,00,000 முறை உத்தரவாதம் 28 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஈஎஸ்பி32 இடம் மாற்றி மாற்றி எழுதுவதால் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தேவையில்லாமல் எதற்கு?

பாக்கி இருப்பது பம்ப் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆவது. பம்புக்குத் தனி சப்ளை கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.