வள்ளத்தைச் சுற்றி ஒரு கட்டம்

படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குப் பின்னால், படம் படமாக உட்கார்ந்து "இது கப்பல், இது படகு, இது மனிதத் தலை" என்று சொல்லிக்கொடுக்கும் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. அந்த வேலையைத்தான் நானும் என்னுடன் பணிபுரியும் இளைஞர்களும் இராமநாதபுரத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் செய்துவருகிறோம். உயரத்திலிருந்து எடுக்கப்பட்ட கடற்படங்கள் கணினித் திரைக்கு வரும். அவற்றில் தெரியும் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, அதற்குரிய வகைப்பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். "பாக்ஸ் போடுவது" என்று எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் போட்டதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

படங்கள் எந்தக் கடலில் எடுக்கப்பட்டவை என்று எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அவற்றைக் கொண்டு எந்த நாட்டில் எத்தகைய கருவி உருவாகப்போகிறது என்பதும் தெரியாது. கடலோர மீட்புப் பணிக்காக இருக்கலாம், மீன்பிடிக் கண்காணிப்புக்காக இருக்கலாம், போர்க்கப்பலில் பொருத்துவதற்காகவும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் நாங்கள் போடும் கட்டம் ஒன்றே என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இப்போதெல்லாம் வெறும் படம் வருவதில்லை. இயந்திரமே முதலில் தன் ஊகத்தைக் கட்டமாக வரைந்து, எத்தனை விழுக்காடு நம்பிக்கை என்றும் குறித்து அனுப்பிவிடும். நாங்கள் அதைத் திருத்துவோம் அல்லது ஏற்றுக்கொள்வோம். அப்படி வந்த காணொளித் துண்டு ஒன்றில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, பவளத்திட்டு வெளிர்பச்சையாகத் தெரியும் ஆழம் குறைந்த நீரில், ஒரு வள்ளம் நங்கூரமிட்டு நின்றது. எஞ்சின் ஓடவில்லை, ஆகையால் பின்னால் நுரைக்கோடு இல்லை. வலை இல்லை. முன்பக்க அணியத்தில் சாக்குகள் கிடந்தன. பின்பக்க அமரத்தில் ஒரு தார்ப்பாய் நிழலுக்காகக் கட்டப்பட்டிருந்தது. ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. இயந்திரம் அதன்மேல் "ஆளில்லாப் படகு" என்று எழுதி, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நம்பிக்கையும் தெரிவித்திருந்தது. பெரியபட்டினத்திலிருந்து வேலைக்கு வரும் தம்பி அதைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இது சங்கு குளிக்கிற வள்ளம்க்கா. ஆளு பூராம் தண்ணிக்குள்ள இருக்காங்க. அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ ஒரு பெரியவர் உக்காந்திருப்பாரு பாருங்க." காணொளியை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தோம். வள்ளத்தின் ஓரத்தில் ஓர் அலைவட்டம் விரிந்தது, அதன் நடுவே ஒரு கரும்புள்ளி எழுந்தது, ஒரு கை விளிம்பைப் பற்றிச் சாக்குக்குள் எதையோ போட்டது, மறுபடி மூழ்கியது. அடுத்தடுத்து வேறு புள்ளிகளும் எழுந்து மறைந்தன. தார்ப்பாயின் கீழிருந்து ஒரு முழங்கை மட்டும் வெயிலுக்கு வெளியே நீண்டது.

மன்னார் வளைகுடாவில் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கும் குடும்பங்கள் உண்டு. வள்ளம் நிற்பதும், ஆட்கள் திடீரென்று குறைவதும், சற்று நேரத்தில் கூடுவதும் அவர்களுடைய அன்றாடம். அது தெரியாத கண்ணுக்கு அந்தப் படகின் நடத்தை முழுவதும் விபரீதமாகத் தோன்றும். எங்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் ஏடும் அப்படிப்பட்ட கண்ணால் எழுதப்பட்டதே. நீண்ட நேரம் அசையாமல் நிற்கும் சிறு படகு, மீன்பிடிச் சாதனம் தெரியாத சிறு படகு, ஆட்களின் எண்ணிக்கை மாறும் சிறு படகு ஆகியவற்றை "ஐயத்துக்குரியது" என்று குறிக்கும்படி அது சொன்னது.

இதைப் போன்றவை இன்னும் பல. பாம்பன், மண்டபம் பகுதிகளில் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள், பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடிச் சதுரங்களாக, கரையோர நீரில் வரிசையாகக் கிடக்கின்றன. இயந்திரம் அவற்றை ஒருமுறை இறங்குதளம் என்றும் ஒருமுறை சிதைந்த கலத்தின் துண்டுகள் என்றும் ஊகித்திருந்தது. தெர்மாகோல் பலகையில் தனியாளாக உட்கார்ந்து தூண்டில் போடுபவரை அது மிதக்கும் குப்பையோடு சேர்த்துவிட்டது. தீவுகளை அண்டிப் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்குமேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, பாறை கிழித்துவிடாமல் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்குவார்கள். மேலிருந்து பார்த்தால் நீரில் சிதறிய தலைகள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் தாயார் அந்த வேலைக்குப் போகிறவர். அந்தப் படத்தில் ஒவ்வொரு தலையையும் சுற்றி "மனிதர்" என்று அவள் கட்டம் போட்டுக் கொடுத்தபோது திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டுகளோடு விளக்கி, தனி வகை ஒன்று வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். உள்ள அறிவுறுத்தலின்படியே தொடரும்படி பதில் வந்தது. ஆயிரக்கணக்கான படங்களில் இத்தகையவை மிகச் சில என்பதே காரணம். கணக்காகப் பார்த்தால் அது சரியான காரணம்தான். இந்த இயந்திரங்கள் அதிகம் கண்டதை நன்றாகக் கற்கும், அரிதாகக் கண்டதை அதற்கு மிக அருகில் உள்ள வேறொன்றோடு சேர்த்துவிடும். மொத்தப் பிழை விழுக்காடு குறைவாகவே இருக்கும், ஆனால் அந்தக் குறைந்த பிழை எல்லார்மீதும் சமமாகப் பரவாது. சரக்குக் கப்பலைப் பற்றி இயந்திரம் பிழைபடுவது அரிது. சங்கு வள்ளத்தைப் பற்றி அது திரும்பத் திரும்பப் பிழைபடும். திரையில் காட்டும் நம்பிக்கை விழுக்காடும் உண்மையின் அளவாகாது. இதுவரை தனக்குக் காட்டப்பட்டவற்றோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையே அது சொல்கிறது. அவசரத்தில் இருக்கும் ஓர் அதிகாரிக்கு அந்த வேறுபாடு புலப்படுமா என்பதுதான் என் கவலை.

இந்தக் கருவிகளே வேண்டாம் என்பது என் நிலை அன்று. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. கடலில் காணாமற்போன படகு காற்றிலும் நீரோட்டத்திலும் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்று கணித்து, தேடுதலுக்கு உதவும் கருவியும் அதனிடம் உண்டு. 2017இல் ஒக்கிப் புயலின்போது குமரிக் கடற்கரை பட்ட பாட்டை அறிந்தவர்கள், ஆளில்லா விமானம் ஒன்று மிதக்கும் தலையைத் தானே கண்டுபிடித்துச் சொல்வது எத்தனை உயிர்களுக்குச் சமம் என்பதை அறிவார்கள். 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் கைபேசிச் செயலியும் பயன்பாட்டில் இருக்கிறது. கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் தகடுகளை எந்திரங்களே துடைக்கின்றன. இவற்றில் இயந்திரம் பிழைபட்டால் ஒரு நாள் மீன்பாடு போகும், தகட்டில் தூசி தங்கும். திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது.

ஆயுதத்தோடு இணைக்கும்போது அந்த நேரம் இல்லாமற்போகிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் பாதுகாப்பிலிருந்த கடற்படை வீரர்கள், 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகைக் கடற்கொள்ளையருடையது எனக் கருதிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்தவர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று துபாய்க்கு அருகே ஜெபல் அலி கடலில், 'ரப்பஹானாக்' என்ற அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பலிலிருந்து ஒரு சிறு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டதில் ஒருவர் இறந்தார், மூவர் காயமுற்றனர். இறந்தவர் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், கூலிக்கு மீன்பிடிக்க வளைகுடா போனவர். எச்சரித்தும் படகு விலகவில்லை என்றது அமெரிக்கத் தரப்பு. எச்சரிக்கையே வரவில்லை என்றார்கள் உயிர் பிழைத்தவர்கள். 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பகுதியில் நம் கடற்படையே சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் காயமடைந்தார். அப்போதும் நிறுத்தச் சொல்லியும் படகு நிற்கவில்லை என்றே விளக்கம் தரப்பட்டது.

இவை எதிலும் செயற்கை நுண்ணறிவு இல்லை. மனிதக் கண்கள்தாம் பார்த்தன, மனித விரல்கள்தாம் சுட்டன. அந்த அச்சத்துக்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. 2000இல் ஏடன் துறைமுகத்தில் வெடிமருந்து நிரப்பிய சிறு படகு ஒன்று மோதியதில் 'கோல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் 17 மாலுமிகள் இறந்தார்கள். 2008இல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கரையை நெருங்கினார்கள். எங்கள் கடலில் கடல் அட்டை பிடிப்பது 2001இலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது, கடத்தலும் நடக்கிறது. உச்சிப்புளியில் 2009இல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் சூட்டப்பட்ட கடற்படை விமானத் தளத்திலிருந்து ஆளில்லா விமானங்கள் கடலைக் கண்காணிப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

ஆனால் வரப்போகும் போர்முறை இந்த அச்சத்தைப் பல மடங்காக்கும் என்பதே என் எண்ணம். 2024 தொடக்கத்தில் உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் கூட்டமாகச் சென்று ருஷ்யாவின் 'இவானோவெட்ஸ்' ஏவுகணைக் கப்பலை மூழ்கடித்தன. அதில் பயன்பட்ட 'மகுரா' வகைப் படகின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். எங்கள் கரையில் இழுத்துப் போட்டிருக்கும் வத்தைகள் பலவும் அந்த அளவினவே. இந்தியாவிலும் 'மாதங்கி' என்ற தானியங்கிப் படகு 2024 அக்டோபர் இறுதியில் மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் பயணமாக அனுப்பப்பட்டது. இத்தகைய படகுகள் பெருகப் பெருக, தாழ்வாகவும் சிறியதாகவும் ஆள் தெரியாமலும் மிதக்கும் எதுவும் ஒரு போர்க்கப்பலின் கண்ணுக்கு ஆயுதமாகத் தெரியத் தொடங்கும். அவை கூட்டமாகவும் வேகமாகவும் வருவதால், முடிவெடுக்க மனிதருக்கு நேரம் போதாது, ஆகவே முடிவையும் இயந்திரத்திடமே கொடுத்துவிடுவோம் என்ற வாதம் வலுப்பெறும். அந்த இயந்திரத்துக்கு "ஆளில்லாப் படகு" எது என்று கற்பித்தவர்களில் எங்களைப் போன்றவர்களும் இருப்பார்கள். தார்ப்பாய்க்குக் கீழே இருந்த முழங்கையை நாங்கள் கண்டது, அந்தத் தம்பி பெரியபட்டினத்துக்காரராக இருந்ததால்தான்.

மனிதரிடம் முடிவை விட்டால் பிழை நேராது என்று நான் சொல்லவில்லை. 1988 ஜூலை 3 அன்று 'வின்சென்ஸ்' என்ற அமெரிக்கக் கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேரைக் கொன்றபோது, கப்பலின் ரேடாரும் கணினியும் இணைந்த ஏஜிஸ் கருவி, விமானம் மேலேறிக்கொண்டிருப்பதைச் சரியாகவே பதிவுசெய்திருந்தது. பதற்றத்தில் இருந்தவர்கள் அது தங்களை நோக்கி இறங்குவதாகக் கொண்டார்கள். அங்கே கருவி சரி, மனிதர் பிழை. இரண்டும் ஒன்றையொன்று திருத்த இடமிருக்க வேண்டும் என்றுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். ஒன்றை நீக்கிவிட்டால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது.

இன்னொன்று, கேட்பதற்கு ஓர் ஆள். 'என்ரிகா லெக்சி' வழக்கில் இரண்டு வீரர்களின் பெயர்கள் இருந்தன. கைது நடந்தது, பன்னாட்டு நடுவர் மன்றம் 2020இல் தீர்ப்புக் கூறியது, இத்தாலி 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்திய பிறகு 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. அது போதுமான நீதியா என்பதில் மீனவர்களிடையே மனக்குறை உண்டு. எனினும் கேள்வி கேட்க ஒரு முகவரி இருந்தது. இயந்திரம் தானே சுட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் யாரைக் கேட்டிருக்கும்? கப்பல் தலைவரையா, மென்பொருள் எழுதிய நிறுவனத்தையா, தொலைவில் ஓர் ஊரில் அந்தப் படகைச் சுற்றிக் கட்டம் போட்ட பெண்ணையா? ஆளுக்கொரு கை பட்ட வேலையில் எல்லாரும் கை கழுவிக்கொள்ள முடியும்.

தன்னியக்க ஆயுதங்கள் குறித்து ஜெனீவாவில் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதுபற்றிய தீர்மானத்தை 152 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஜெனீவாதான் இதற்குரிய அரங்கு, அவசரப்பட்டுச் சட்டம் இயற்றக் கூடாது என்பது நம் அரசின் வாதம். இத்தனை மீனவர்களைக் கொண்ட நாடு, அதுவும் தன் மீனவர்களைப் பிறர் தவறாகக் கண்டு சுட்டதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடிய நாடு, இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்பவர்களின் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் படகுகளை இனங்காணும் எந்தக் கருவியைப் பொருத்தினாலும், அதை முதலில் எங்கள் கடலிலேயே சோதிக்க வேண்டும். எஞ்சின் நிறுத்திய சங்கு வள்ளம், தெர்மாகோல் பலகை, மூங்கில் மிதவை, நீரில் மூழ்கி எழும் பாசி எடுக்கும் பெண்கள் ஆகிய ஒவ்வொன்றையும் உச்சிவெயிலிலும் அந்தியிலும் காட்டிப் பார்த்து, எத்தனையை அது தவறாகச் சொன்னது என்பதை மொத்த விழுக்காட்டுக்குள் மறைக்காமல் வகைவாரியாக வெளியிட வேண்டும். சோதனை நடக்கும் அறையில் சங்கு குளிப்பவர் ஒருவரும் பாசி எடுக்கும் பெண் ஒருவரும் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும். சுடும் ஆணை எந்த அதிகாரியுடையது என்பது ஒவ்வொரு முறையும் எழுத்தில் பதிவாக வேண்டும். இந்தக் கோரிக்கையை, நாங்கள் திருத்திய படங்களின் விவரத்தோடு, மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறோம். சோதனைக்கு வேண்டிய ஆட்கள் பெரியபட்டினத்திலும் சின்னப்பாலத்திலும் இருக்கிறார்கள், சங்குப் பருவத்துக்குள் தேதி குறித்தால் வள்ளத்தோடு வந்துவிடுவார்கள்.