ஆறு மாதக் குழந்தையின் மூளைக்குக் கோடு போடுவது

கேப் டவுனில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ரைலண்ட்ஸில் என் வீட்டுக்கார ஆயா கேட்டால், "கோடு போடுறேன் ஆயா" என்றுதான் சொல்வேன். குழந்தைகளின் எம்ஆர்ஐ படத்தில் சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் இருக்கும் பகுதி) எது, வெண்பொருள் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) எது, மூளை நீர் எது என்று மவுஸால் வண்ணம் பூசிப் பிரிக்கிற வேலை. பெரியவர்கள் படமென்றால் மென்பொருளே முக்கால்வாசி முடித்துவிடும். குழந்தை என்றால் உளறும்.

காரணம் மயலின். நரம்பிழைகளைச் சுற்றுகிற கொழுப்புறை அது. பிறந்த குழந்தைக்கு இன்னும் சரியாக வளராததால், டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் வெண்பொருள் சாம்பல் பொருளைவிடக் கறுப்பாகத் தெரியும், அதாவது பெரியவர்களுக்கு நேர்மாறாக. ஒரு வயதுவாக்கில் நிலைமை பெரும்பாலும் திரும்பிவிடும். நடுவில், ஆறு முதல் எட்டு மாதத்தில், இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஆறு மாதக் குழந்தைகளின் மூளைப் படத்தை மென்பொருளால் பிரிக்கும் ஐசெக் 2017 போட்டிக்காக வெளியிட்ட படம் ஒன்றை ஆயாவிடம் காட்டினேன். "என்னப்பா இது, ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கு?" என்றார். அவ்வளவுதான் விஷயம், இதைத்தான் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

பச்சிளங்குழந்தையின் டி2 என்ற இன்னொரு வகைப் படத்தில் வேறு தொல்லை. நீர் பளிச்சென்று வெள்ளை, சாம்பல் பொருள் கறுப்பு, இரண்டும் சேரும் ஓரப் புள்ளியில் கலந்து வெண்பொருளின் நிறம் வந்துவிடும். மென்பொருள் அதை நம்பி மூளைக்கு வெளியோரமாக மெல்லிய வெண்பொருள் தோல் ஒன்றைப் போர்த்திவிடும், அதை நான் உரித்துக்கொண்டே இருப்பேன்.

இதில் குழந்தை அசையவும் கூடாது. பால் கொடுத்து, துணியில் சுற்றி, தூங்கவைத்து, அந்த ஒரு தூக்கத்துக்குள் எடுக்க வேண்டும். 0.064 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) சிறிய கருவி வந்தபின் சாதாரண பிளக்கில் செருகி வார்டிலேயே எடுக்கலாம், சந்தோஷம்தான், ஆனால் 3 டெஸ்லா படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பனிமூட்டம்.

ஐசெக்காரர்கள் மென்பொருளைப் பழக்கக் கொடுத்தது 10 குழந்தைகளின் படம் மட்டும். அவற்றுக்குக் கோடு போட, அதே குழந்தைகளை 24 மாதத்தில் மறுபடி எடுத்த தெளிவான படங்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். நல்ல யோசனை. எங்களிடம் வருகிற குடும்பங்களில் சில அதற்குள் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக்குத் திரும்பிப்போயிருக்கும், போன் எண்ணும் மாறியிருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு நான் போட்ட கோடுதான் கடைசி. போன மாதம் போட்ட ஒன்றை நேற்று பழையதைப் பார்க்காமல் மறுபடி போட்டு ஒப்பிட்டேன், நெற்றிப் பக்கம் எனக்கும் எனக்குமே ஒத்துவரவில்லை.