காசு விழாத வரை

நவம்பர் 5, ஞாயிறு

பட்டாளப் பயிற்சி முகாமில் இன்று போன் கொடுத்தார்கள். அம்மா எடுத்ததும், "துப்பாக்கி குடுத்துட்டாங்களா சாமி?" என்றாள். குடுத்து மூணு வாரம் ஆச்சும்மா என்றேன். கனமா இருக்குமா என்று கேட்டாள். மேகசின் மாட்டாமலே நாலு கிலோவுக்கு மேல். நம்ம அம்மிக் குழவி மாதிரிதான் என்று சொன்னதும் சிரித்தாள். "சுட்டுட்டியா?" என்றாள். நாளைக்கும்மா என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 6

5 ரவுண்டு. ஒன்றும் உருப்படியில்லை.

நவம்பர் 7

நேற்றையது மனசை விட்டுப் போகவே இல்லை. ஷிஸ்த், அதாவது குறி, சரியாகத்தான் எடுத்தேன், சத்தியமாக. பின் ஓட்டைக்கு நடுவே முன் குறியின் நுனி, அதற்கு நேரே இலக்கின் நடு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். ட்ரிக்கரில் முதல் அழுத்தம் வரை எல்லாம் எனக்குத் தெரிகிறது. அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. சத்தம் கேட்கும்போது கண் மூடியிருக்கிறது. இலக்குப் பக்கம் இருந்து குண்டு பட்ட இடத்தைக் காட்டும் பட் பார்ட்டி காட்டியதில் மூன்று கீழே, ஒன்று தாளின் ஓரம், ஒன்றைக் காணோம். 100 மீட்டரில் ஒன்றைக் காணோம்!

பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் குந்தி, "டர்தா ஹை க்யா?" பயமா இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். "நஹீ உஸ்தாத்" என்று கத்தினேன். கத்தின கத்தலிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

நவம்பர் 8

ராத்திரி முழுக்க மழை. மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டதாம். அந்தக் கூவல் கேட்காமல் விடிந்தது என்னமோ போலிருந்தது. அந்தப் பாதையில்தான் ஊர் இருக்கிறது.

பையும் ரைபிளுமாக 5 கிலோமீட்டர், 27 நிமிடம் 40 விநாடி. 28-ஐத் தாண்டியிருந்தால் ஃபெயில். பக்கத்துக் கட்டில் பாலக்காட்டான் கடைசி ஏற்றத்தில் என் பைப் பட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தான். அவன் காலை இழுத்து இழுத்துத்தான் ஓடினான்.

நவம்பர் 10

இன்று மேகசினை உஸ்தாதே நிரப்பிக் கொடுத்தார். உள்ளே டம்மி ரவுண்டும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதல் ரவுண்டு வெடித்தது. இரண்டாவது அழுத்தினேன். டக் என்று ஒரு சின்னச் சத்தம், வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை ஒரு விரல்கடை கீழே குத்தி நின்றது. தோளும் முன்னால் போயிருந்தது. பின்னால் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெடிக்காத ரவுண்டுக்குப் பயந்திருக்கிறது என் கை. வெடிக்கப்போகிறது என்று அதுவே முடிவு பண்ணிக்கொண்டு, சத்தத்துக்கு முந்தியே அமுக்கிவிடுகிறது.

சாயங்காலம் காசுப் பயிற்சி கொடுத்தார். காலி ரைபிள், படுத்த நிலை. முன் குறிக்குப் பக்கத்தில் குழல் மேல் ஒரு ரூபாய்க் காசு. ட்ரிக்கர் அழுத்தி முடிந்தும் காசு விழக் கூடாது. காசு வைப்பதும், ஒவ்வொரு தடவையும் காக் பண்ணிக் கொடுப்பதும் பாலக்காட்டான். முதல் இருபது தடவையில் பத்தொன்பது தடவை விழுந்தது.

நவம்பர் 12, தீபாவளி

குன்னூர்ப் பக்கமிருந்து வெடிச் சத்தம் ஏறி வந்துகொண்டே இருக்கிறது. மலைக்கு மலை மோதி ஒன்று மூன்றாகக் கேட்கிறது. லங்கரில், எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில், ஜிலேபி போட்டார்கள்.

ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் தூக்கிப் போடுவதைக் கம்பளிக்குள் படுத்து எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏழு வயசு இருக்கும். ஊர்த் திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன். சாமி கிளம்பும்போது அதிர்வேட்டு போட்டார்கள். ஒன்று மட்டும் நேரங்கழித்து, பக்கத்திலேயே வெடித்தது. காது இரண்டு நாள் ஙொய்ங் என்றது. அதற்கு முந்தின ஒரு விநாடிதான் இன்னும் உடம்பில் கிடக்கிறது. புகைகிறது, எல்லோரும் ஒதுங்குகிறார்கள், அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. ட்ரிக்கரில் முதல் அழுத்தம் முடிகிற இடம் அதே விநாடிதான். இதை உஸ்தாதிடம் எப்படி இந்தியில் சொல்வது? தமிழிலேயே அம்மாவிடம் சொன்னதில்லை.

நவம்பர் 14

காசு. நாற்பதில் இருபத்திரண்டு நின்றது.

நவம்பர் 16

சுட்டு முடித்து எண்ணினால் ஒரு கோக்கா குறைகிறது. ஒரே ஒரு காலி கேஸ். அது கிடைக்காமல் யாரும் ரேஞ்சை விட்டு நகர முடியாது. பனி இறங்கிவிட்டது, சிவப்புக் கொடியே தெரியவில்லை. அத்தனை பேரும் வரிசையாக முட்டி போட்டு, ஈரப் புல்லைக் கையால் கோதிக்கொண்டே போனோம். விரலில் உணர்ச்சியே இல்லை. கல்லா பித்தளையா என்று உதட்டில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதாக இருக்குமோ என்று வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒருத்தனுடைய தரை விரிப்பின் மடிப்பில் கிடைத்தது. என்னுடையது இல்லை.

பாலக்காட்டானால் முட்டியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பு என்கிறான். விரலால் தொட்டாலே பல்லைக் கடிக்கிறான். எம்.ஐ. ரூமுக்கு, டாக்டரிடம் போடா என்றால் கேட்பதில்லை.

நவம்பர் 18

எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் வரலாற்றுத் தேர்வு. 1758 தொடக்கம், 1803 அசாயே போர், அதனால் தொப்பியில் யானை. எல்லாம் எழுதினேன். அந்த யானையை வெட்கப்படாமல் தலையில் வைக்க வேண்டும்.

நவம்பர் 19, ஞாயிறு

அம்மா மறுபடியும் கேட்டாள். சுட்டேன்மா என்றேன். "பட்டுச்சா?"

நவம்பர் 20

பாலக்காட்டானுக்கு எக்ஸ்ரேயில் எலும்பில் மெல்லிய விரிசல். ஆறு வாரம் ஓய்வு. அப்படியென்றால் ரெலிகேட், பின்னால் வரும் பேட்சோடுதான் இனி. மத்தியானம் வந்து படுக்கை ஹோல்டாலைச் சுருட்டினான். நான் பட்டையை இழுத்துக் கட்டினேன். அக்னிவீரர்களில் நாலு வருஷம் கழித்து 100 பேரில் 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று தினமும் கணக்குப் போடுகிறவன் இன்று அதைப் பேசவே இல்லை. "நீ காசு விடாதே கேட்டோ" என்றான்.

அவன் என்னைத் தள்ளிக்கொண்டு வராமல் இருந்திருந்தால்? அன்றைக்கு அந்த ஏற்றத்தில் தள்ளு என்று நான் சொல்லவில்லைதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.

நவம்பர் 21

காசு வைக்க ஆள் இல்லை.

நவம்பர் 23

உஸ்தாத் தானே வந்து உட்கார்ந்து காசு வைத்தார். அரை மணி நேரம். இந்தியில் வார்த்தை தேடித் தேடி அதிர்வேட்டைச் சொன்னேன். தோள், அப்பா, திரி, எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டு, வெடிக்கப்போகிற நேரத்தை உன் விரலுக்குச் சொல்லாதே, மெல்ல அழுத்திக்கொண்டே இரு, அது எப்போது வெடித்தாலும் உனக்குப் புதிதாகக் கேட்க வேண்டும் என்றார். கடைசி முப்பதில் ஒரு தடவைதான் விழுந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை. அம்மா வாசல் முழுக்க விளக்கு வைத்திருக்கிறாளாம். "அங்க ஒண்ணாச்சும் வெச்சியா சாமி?" இங்கே ஜன்னல் கட்டையில் யாரோ ஒரு மெழுகுவர்த்தி வைத்தார்கள். காற்றில் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப ஏற்றினோம்.

நாளைக்கு மறுபடியும் குரூப்பிங், குண்டெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து விழ வேண்டும். இதிலும் தேறாவிட்டால் நானும் பின்னால்தான்.

பக்கத்துக் கட்டில் வெறும் பலகையாகக் கிடக்கிறது.

நவம்பர் 27

3.45. மழை விட்டிருக்கிறது. ஆயுத அறையான கோத் திறக்கும் சத்தம் கேட்கிறது, ரைபிள் வாங்கப் போக வேண்டும். காசு சட்டைப் பையில்.